கூடைக்காரியிடம் யாரும் கேட்டதில்லை

மார்ச் 4, செவ்வாய்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்கள் உச்சந்தலையும் பச்சைப் பையும் மட்டும்தான் தெரியும். மாதா கோயிலின் பக்கக் கதவுக்கு எதிரே பல் டாக்டரின் பலகை ஒன்று தொங்குகிறதே, அந்தக் கட்டடத்தின் மாடியில் வேலை செய்கிறேன். டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சுகளில் சாந்து ஊற்றி, அது இறுகியதும் அதன்மேல் பல்செட்டு கட்டுவது என் தொழில். இறுகும்வரை சும்மா இருக்க வேண்டும். அப்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

தினமும் பத்தேகால் வாக்கில் காய்கறிப் பையோடு அந்தப் பக்கக் கதவால் உள்ளே போகிறீர்கள். கடைசி பெஞ்சில் உட்காருகிறீர்கள். உங்கள் தலை குனிவதுவரை எனக்குத் தெரிகிறது. ஆறு நிமிடம், சில நாள் ஏழு. பிறகு எழுந்து விறுவிறுவென்று போய்விடுகிறீர்கள். அந்த நேரத்தில் உள்ளே பூசை கிடையாது, பாட்டு கிடையாது, சாமியார்கூட இருப்பதில்லை.

வேவு பார்ப்பதாக நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் என் நாத்தனார் தபாலில் ஒரு புத்தகம் அனுப்பினார். எடித் ஸ்டைன் என்ற புனிதரின் வாழ்க்கை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு, பதினைந்து வயதில் இனி ஜெபம் செய்வதில்லை என்று தானாகவே முடிவெடுத்தவர். பிறகு தத்துவம் படித்துப் பெரிய பட்டம் வாங்கினார். ஒருநாள் தோழியோடு ஊர் சுற்றப் போன இடத்தில், வேடிக்கை பார்க்க ஒரு பெரிய கோயிலுக்குள் நுழைந்திருக்கிறார். அப்போது சந்தைக் கூடையோடு ஒரு பெண் வந்து, மண்டியிட்டு, கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டுப் போனாள். நடந்தது அவ்வளவுதான். வழிபாட்டு நேரத்தில் கூட்டமாகப் போவதைத்தான் அவர் அதுவரை பார்த்திருந்தார். ஆளில்லாத நேரத்தில், வீட்டு வேலைக்கு நடுவே, ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை அவரால் மறக்கவே முடியவில்லையாம்.

எனக்கு இதில்தான் மண்டைக் குடைச்சல். அந்தக் கூடைக்காரியிடம் யாரும் எதுவும் கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை. அவள் என்ன சொன்னாள், என்ன வேண்டினாள், ஒன்றும் தெரியாது. நீங்களோ எதிரிலேயே இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்: அந்த ஆறு நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்?

சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். கோயிலைத் திறந்து பூட்டும் பெரியவர் எங்கள் படிக்கட்டருகே நின்றுதான் தேநீர் குடிப்பார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாடியில் பல் கட்டுகிறவள்


மார்ச் 8, சனி

மாடியில் பல் கட்டுகிற அம்மணிக்கு,

அந்தப் பெரியவர் உங்கள் கடிதத்தை நீட்டியதும், நான் அங்கே உட்காருவதைப் பற்றி யாரோ புகார் எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி காது சூடாகிவிட்டது.

சில திருத்தங்கள். அம்மா என்று எழுதாதீர்கள், எனக்கு ஐம்பத்தாறு வயதுதான். அக்கா என்று எழுதினால் சந்தோஷப்படுவேன். அடுத்தது, நான் உங்கள் மதத்துக்காரி இல்லை. எங்கள் வீட்டில் வேறு சாமி. தலை குனிவது ஜெபமும் இல்லை. பை சாயாமல் இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்துகிறேன், மேலே முட்டை இருக்கும். ஒருதரம் சாய்ந்து இரண்டு முட்டை உடைந்து, உங்கள் கோயில் தரையை என் கைக்குட்டையால் துடைத்தேன். அன்று நீங்கள் சாந்து ஊற்றவில்லை போலிருக்கிறது.

சந்தையிலிருந்து வீடு இருபது நிமிட நடை. எனக்குக் குதிகால் வலி. பாதி வழியில் கதவு திறந்து கிடக்கிற இடம் அது ஒன்றுதான். உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. உட்காருகிறேன், எழுந்து போகிறேன். பாவம், ஏமாந்து போயிருப்பீர்கள்.

ஆனால் கிளறிவிட்டீர்கள், இனி நான் கேட்பேன். அந்தப் படித்த பெண் அன்றைக்கே மாறிவிட்டாளா? கூடையில் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறதா? மீன் வாங்கியிருந்தால் அதிக நேரம் உட்கார முடியாது, அதனால்தான் சீக்கிரம் எழுந்தாளோ என்னவோ. வீட்டில் அவளுக்காக யார் காத்திருந்தார்கள்? தெரிந்ததை எழுதுங்கள். நான் என்ன தபால்காரனா என்று பெரியவர் முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் வாங்கிக்கொண்டார்.

பச்சைப் பை அக்கா


மார்ச் 14, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டைக் கதையைப் படித்துச் சிரித்ததில் உருக்கிய மெழுகைக் கீழே ஊற்றிவிட்டேன். இரண்டு வருடமாக இந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்ததில்லை. என்ன ஆச்சு என்று டாக்டர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

மீன் விஷயம் புத்தகத்தில் இல்லை. கூடையில் என்ன இருந்தது என்று சமைக்கிறவர்களுக்குத்தான் கேட்கத் தோன்றும், எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர் அன்றைக்கே மாறிவிடவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு மரணம். அவருக்குப் பாடம் சொன்ன நண்பர் ஒருவர் போரில் இறந்துபோனார். அவருடைய எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலையாக அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இளம் விதவையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துகொண்டே போயிருக்கிறார். அந்தப் பெண்ணோ இடிந்துபோகாமல், தன் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்திருக்கிறாள். அது இவரை உலுக்கிவிட்டது. அப்புறமும் வருடங்கள் ஓடின. ஒரு நண்பர் வீட்டில் இன்னொரு புனிதரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் முடிவெடுத்து ஞானஸ்நானம் பெற்றார்.

அந்த விதவையைப் பற்றிய பக்கம் வந்ததும் நான் புத்தகத்தை மேசைக்கு அடியில் எறிந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முந்நூறு மாடி ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காத ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த வாரம் கோயிலின் முன்கதவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சவப்பெட்டியை நீங்கள் நுழைகிற அதே பக்கக் கதவால் வெளியே கொண்டுவந்தார்கள். தைரியமா இரு, ஆண்டவர் பாத்துக்குவார் என்று என் நாத்தனார் தோளைத் தொட்டார். நான் அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை, அந்தக் கதவைத் தாண்டவும் இல்லை. அதனால்தான் இறங்கி வந்து கேட்காமல் கடிதம் எழுதினேன். என்னை நீ என்றே எழுதுங்கள் அக்கா, முப்பத்தெட்டு வயதுதான்.

உண்மையாகவே அங்கே உட்காரும்போது உங்களுக்கு ஒன்றுமே தோன்றாதா?

உங்கள்,
மாடித் தங்கை


மார்ச் 22, சனி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை பெஞ்சில் உட்கார்ந்தே படித்தேன். ஆறு நிமிடம் அன்று பத்தாகிவிட்டது. உன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மனம் வரவில்லை. பதிலுக்கு என் பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குதிகால் வலி நிஜம். ஆனால் அதற்காக மட்டும் உட்காரவில்லை.

என் வீட்டுக்காரர் நாலு வருஷமாகப் படுக்கை. மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. போதும். தண்ணீர் வேண்டும் என்றாலும் போதும், வேண்டாம் என்றாலும் போதும், ஜன்னலைத் திற என்றாலும் போதும். எத்தனையோ வார்த்தை இருக்க அது ஏன் மிஞ்சியது என்று எனக்கு மட்டும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயைத் திறந்தால் அவர் சொல்வது அதுதான்: "போதும், நிறுத்து." ‘நிறுத்து’ போய்விட்டது, ‘போதும்’ மட்டும் நிற்கிறது. பல்செட்டும் வாயில் நிற்பதில்லை, எல்லாவற்றையும் மசித்துத்தான் ஊட்டுகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் ஒன்பதரைக்கு வந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் இருப்பாள். அதற்குள் நான் சந்தைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஓட்டமும் நடையுமாகப் போனால் கொஞ்ச நேரம் மிஞ்சும். அதைத்தான் திருடுகிறேன். ஆறு நிமிடம் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உன் கடிதம் வந்த பிறகு அதுவும் கெட்டுப்போயிற்று. உட்கார்ந்ததும் அந்தக் கூடைக்காரி ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் ஏதோ பேசியிருக்கிறாளே, நாமும் பேசிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. திங்கட்கிழமை மெதுவாக, "யாராவது இருக்கீங்களா?" என்றேன், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி. செவ்வாய்க்கிழமை, உங்கள் ஆள் இல்லாதவள் இங்கே உட்காரலாமா என்று கேட்டேன். புதன்கிழமை, அவருக்கு வேறு நல்ல வார்த்தையாக ஒன்றை விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். வியாழக்கிழமை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, உங்களுக்கு என்னிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றேன். வெள்ளிக்கிழமை பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார், வெட்கமாக இருந்தது, பேசாமல் வந்துவிட்டேன்.

ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன கேட்கலாம் என்ற யோசனை வருகிறது. நாலு வருஷமாகக் கண் விழித்ததும் எனக்கு வந்த யோசனையை உனக்கு எழுத மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழக்கிழமைக் கேள்வியை ஒரு தாளில் எழுதி ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் கோயிலுக்குப் போன எனக்கு அப்படிக் கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

உங்கள் தத்துவக்காரி ஞானஸ்நானம் வாங்கியதும் நேராக மடத்துக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். கடைசியில் மடத்துக்குப் போனார், யூதராகப் பிறந்ததற்காக நாஜிகள் கையில் அவருக்குப் பயங்கரமான சாவும் வந்தது. ஆனால் நடுவில் எட்டு வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார். தினமும் காலையில் பூசை, பிறகு வகுப்பு, பிறகு பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவது. எனக்கு இந்தப் பகுதிதான் பெரிய ஆச்சரியம். ஒருமுறை கிடைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கிடைத்த பிறகும் தினமும் போய்த் தேடுகிற பொருள் என்னவாக இருக்கும் அக்கா?

இப்போது என் தொழில் விஷயம். படுத்தே இருப்பவர்களுக்கு ஈறு சுருங்கும், பழைய செட்டு நிற்காது. புதிதாகக் கட்டலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், வீட்டுக்கே வந்து அச்சு எடுப்பதாகச் சொன்னார். முடிந்தால் அவர் பல் தெரியச் சிரிக்கிற பழைய படம் ஒன்று அனுப்புங்கள். பல்லின் அளவும் வரிசையும் தெரிந்தால் அவர் முகம் அவருக்கே திரும்பக் கிடைக்கும்.

தங்கை


ஏப்ரல் 13, ஞாயிறு

தங்கச்சிக்கு,

படம் இதோடு இருக்கிறது, பத்திரம். தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. கல்யாணமான மறு வருஷம் எடுத்தது. எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டேன், இந்த மனுஷன் எதற்காகச் சிரித்தார் என்று. கேட்டு முடித்ததும் எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. சிரித்தவர் வீட்டில் இருக்கிறார், நான் ஊரார் கோயிலில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு போதும் என்றார். ஆனால் அது நான் கேட்டே இராத ‘போதும்’. பாட்டை முடிக்கிற மாதிரி கடைசியில் இழுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ‘போதும்’. தண்ணீருக்குப் பாதியில் அறுந்த ஒரு ‘போதும்’. நான் தலை வாரும்போது மூச்சோடு வருகிற ஒன்று. எதிர்வீட்டுப் பெண் உள்ளே வரும்போது ஒரு ராகத்தோடு சொல்கிறார், அது வேறு யாருக்கும் கிடையாது, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. இதுவரை ஏழு எண்ணியிருக்கிறேன். நாலு வருஷம் ஒரே வார்த்தை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் டாக்டர் நேற்று வந்து அச்சு எடுத்தார். இவர் அவர் விரலைக் கடித்துவிட்டார். வேண்டுமென்றே கடித்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அக்கா


ஏப்ரல் 29, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறு வருடமாகப் பல் கட்டுகிறேன். வாய்கள் எனக்கு எண் எழுதிய சாந்துக் கட்டிகளாகத்தான் வரும். யாருடையது என்று தெரிந்து நான் வேலை செய்வது இதுதான் முதல் முறை. கை மெதுவாகத்தான் ஓடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவருடைய கீழ்ப்பல் வரிசையில் மிச்சமிருக்கிற சொந்தப் பற்களில், இடது பக்கம் ஒன்றின் விளிம்பு பிறை மாதிரி தேய்ந்திருக்கிறது. உலோகம் எதையோ வருடக்கணக்கில் கடித்தபடி இருந்தால்தான் அப்படி ஆகும். டாக்டரும் பார்த்துவிட்டு யோசித்தார். எனக்கு இன்று மதியம் பிடிபட்டது. விசில். அவர் பஸ் கண்டக்டரா அக்கா? நீங்கள் சொன்னதே இல்லை. நாள் முழுதும் ஊருக்கெல்லாம் வண்டி நிற்கவும் போகவும் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு இன்னொரு சத்தம் தாங்கவில்லையோ என்னவோ. அவருக்காக வாதாடவில்லை. பல்லைப் பார்த்ததும் தோன்றியது, எழுதிவிட்டேன்.

இன்னும் பத்து நாளில் செட்டு தயாராகிவிடும்.

தங்கை


மே 14, புதன்

அக்கா,

ஒன்பது நாளாக உங்களைக் காணவில்லை. ஐந்தாம் தேதி வந்தீர்கள், அதோடு சரி. செட்டு தயார். ஈரப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்று பெரியவரிடம் கேட்கலாம் என்று கீழே இறங்கினேன். தேநீர்க்காரரிடம் அவர் இல்லை. பக்கக் கதவு வழியாகப் பார்த்தேன், உள்ளே மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து அடி நடந்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. கையெல்லாம் காய்ந்த சாந்து. திரும்பி ஓடியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "அக்கா எங்கே?" என்று கேட்டுவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பெரியவர் தன்னைக் கேட்கிறேன் என்று நினைத்து, "தெரியலியேம்மா" என்றார். நான் அவரைக் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் நான் அந்தப் பக்கம் பேசிய முதல் வார்த்தை இதுதான். எங்கே இருக்கிறீர்கள் அக்கா? உங்கள் வீட்டு விலாசம் டாக்டரிடம் இருக்கும். உங்களைக் கேட்காமல் வந்து நிற்க மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் தபாலில் போடச் சொல்கிறேன்.

தங்கை


மே 28, புதன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. வந்து பத்து நாளாகிறது. அவர் போய்விட்டார்.

ஆறாம் தேதி காலை. முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். போதும் என்றார். பிடியை விடவில்லை, சிறிது நேரத்தில் கை தானாகத் தளர்ந்தது. அது நான் எண்ணிவைத்த ஏழில் எதுவும் இல்லை, எட்டாவது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்குக்கூட எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் முதல் கடிதம் வராமல் இருந்திருந்தால் அதையும் பழைய ‘போதும்’ என்றே கேட்டிருப்பேன்.

உன் புத்தகத்து விதவை மாதிரி நான் இல்லை. ஊர் கேட்க அழுதேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் சள்ளென்று விழுந்தேன். அவர் கண்டக்டர்தான், முப்பத்தோரு வருஷம். அந்த விசில் எங்கே என்று வீட்டைத் தலைகீழாக்கினேன், கிடைக்கவில்லை.

போன வாரம் ஒருநாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நீ ஜன்னலில் இல்லை. ஒரு மணி நேரம் இருந்தேன். எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை, காத்திருக்கவும் யாரும் இல்லை. ஓடி வந்து உட்கார்ந்தபோது கிடைத்த ஏதோ ஒன்று, இப்போது சாவகாசமாக உட்கார்ந்தால் இல்லை. இனி எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். மகள் தன் ஊருக்கு வந்துவிடச் சொல்கிறாள். போய்விடலாம் என்றுதான் இருக்கிறேன்.

அக்கா


ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறுதல் சொல்கிறவர்களிடம் நாம் இரண்டு பேருமே கத்தியிருக்கிறோம், அதனால் நான் அந்த வேலைக்கு வரவில்லை. அழுங்கள். அந்தப் புத்தகத்து விதவைகூட, வந்தவர்கள் போன பிறகு எப்படி இருந்தாள் என்று யார் கண்டார்கள்? ஒருத்தி பார்த்ததை எழுதிவைத்தாள். இன்னொரு நாள் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாரைப் பார்க்கப் போனேன். தையற்கடை வைத்திருக்கிறார். வாசலில் என்னைக் கண்டதும் கையிலிருந்த ஊசிப் பெட்டி கொட்டிவிட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஊசி பொறுக்கினோம், அதனால் முகத்தைப் பார்க்காமல் பேச முடிந்தது. அந்த விதவையின் கதையை நான் படிக்க வேண்டும் என்றுதானே புத்தகத்தை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். எந்த விதவை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் அதப் படிக்கவே இல்ல. உனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. வெறும் கவர அனுப்ப முடியுமா? கையில கிடைச்சத வச்சு அனுப்பினேன்."

நாலு மாதம் நான் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றது இப்படி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. போனவன் எனக்கும் தம்பிதானே என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதை நான் அன்று நினைக்கவே இல்லை அக்கா.

அவருடைய செட்டு என்னிடம் இருக்கிறது. என்ன செய்யட்டும்? ஊருக்குப் போவதற்குள் உங்களை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும். இத்தனை எழுதியும் உங்கள் உச்சந்தலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

தங்கை


ஜூன் 12, வியாழன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

செட்டை உன்னிடமே வைத்திரு. திங்கட்கிழமை மாடியேறி வந்து, நீ எப்படிக் கட்டியிருக்கிறாய் என்று பார்க்கிறேன். உன்னையும் பார்க்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்குப் போவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணி இருக்கும். எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்றபடி எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் அப்படி நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷம், ஒரு நாள் தவறாமல், மழை நாளில்கூட வந்து உட்கார்ந்தாளே, ஏன் வருகிறாய் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முகம் தெரியாத கூடைக்காரியைப் பற்றி உன்னிடம் அத்தனை விசாரித்தேன். இவளை விசாரிக்கவில்லை.

கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துக் கேட்டேன். உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று வந்தேன் என்பாள், நன்றி சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்ல நான் உள்ள வந்தா யாரும் நிமிந்துகூட பாக்க மாட்டாங்கக்கா. இங்க அண்ணன் மட்டும் நான் வாசப்படி ஏறுனதும் சிரிப்பாரு. ஏதோ சொல்லுவாரு. அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்கு உதவின்னு நான் நெனச்சதே இல்ல."

பிறகு, "இப்பல்லாம் ஒம்பதரை ஆனா எங்க போறதுன்னு தெரியல" என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். எந்த அறையிலிருந்து நான் ஆறு நிமிடம் திருடிக்கொண்டு ஓடினேனோ, அந்த அறைக்கு ஒருத்தி தினமும் ஒரு மணி நேரம் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவள், உன் தத்துவக்காரிக்குத் தெரிந்திருக்கலாம். பெஞ்சில் போய்க் கேட்கிறேன், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

மகளுக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டிய சாமானைப் பாதி பிரித்தாயிற்று.

அவளை நாளைக்கும் ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷம் என் வீட்டில் உட்கார்ந்தவளுக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. வந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா